ஊத்தைக்கும் காரணம் உண்டு

சமையல், தையல், பிள்ளை வளர்ப்பு என்று வாசித்துப் பழகிய சகோதரிகளுக்கு, ஒரு பெண் கார் எஞ்சினைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். அதுவும் ஓடுகிற எஞ்சின் அல்ல. தீப்பெட்டியின் பாதி நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்ரிக் எஞ்சின். அதைப் புதிதுபோல மினுக்கி வைப்பதற்கல்ல, இருபத்தைந்து வருடம் ஓடி உழைத்ததுபோலப் பழசாக்குவதற்காக நான் ஏழு மாதம் செலவழித்தேன். "உனக்கு வேறை வேலை இல்லையே?" என்று கேட்காத உறவினர் இல்லை.

நான் முப்பது வருடத்திற்கு மேலாகத் தையல் படிப்பித்தவள். ஊசியில் நூல் கோத்த கைக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. சிமிட்டி, ஊசி, மெல்லிய தூரிகை, நல்ல வெளிச்சம், பொறுமை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். இவற்றில் எது ஆண்களுக்கு மட்டும் உரியது? ஆனால் கைவேலையை மட்டும் சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பொருளில் படிந்த ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாமல் கறையைத் தீட்டினால் அது பொய்யாகிவிடும். இதை எனக்குப் படிப்பித்தவர் எண்பத்தாறு வயதான என்னுடைய ஐயா.

ஐயா சுன்னாகத்தில் ஹயர் கார் ஓடியவர். அவரிடம் இருந்தது மொரிஸ் மைனர். இலங்கையில் இந்தக் காரைத் தெரியாத வீடு குறைவு. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார் அது. 1960 ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் கார்கள் செய்யப்பட்டுவிட்டன. 1956 இல் வந்த 'மைனர் 1000' இல் 948 சி.சி. எஞ்சின் பூட்டப்பட்டது. 1962 இல் அது 1098 ஆயிற்று. ஐயாவினுடையது 948. 1969 இல் அவர் அதை இரண்டாம் கையாக வாங்கினார்.

இந்த எஞ்சினை 'ஏ சீரிஸ்' என்பார்கள். 1951 இல் ஒஸ்ரின் ஏ-30 என்ற சின்னக் காருக்காகப் பிறந்தது. பின்னர் மைனருக்கும், 1959 இல் வந்த மினிக்கும் பூட்டப்பட்டது. 2000 ஆம் ஆண்டு வரை மினியில் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது. நாலு சிலிண்டர், சிக்கலில்லாத அமைப்பு. நாலு ஸ்பனரும் ஒரு ஸ்குறூ றைவரும் இருந்தால் வீதியோரத்திலேயே கழற்றிப் பூட்டலாம் என்று ஐயா சொல்லுவார்.

அந்தக் கார் எங்களுக்குச் சோறு போட்டது. தம்பியைப் படிப்பித்தது. என்னைக் கட்டிக் கொடுத்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஊற்றுவதற்கு எதுவும் இல்லாமல் காரை வீட்டு ஒத்தாப்புக்குள் விட்டுவிட்டுப் போனோம். 1996 இல் திரும்பி வந்தபோது கூடு மட்டும் நின்றது. எஞ்சின் இல்லை. யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. படங்களும் போய்விட்டன. ஐயா அந்தக் கூட்டை இரும்புக்கு விற்றார். அதற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்திற்கு முன் ஐயாவின் கண்பார்வை மங்கத் தொடங்கியது. ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. மற்றக் கண்ணில் பூதக்கண்ணாடி பிடித்தால் எழுத்துத் தெரியும். அந்த நேரத்தில்தான் கனடாவில் இருக்கும் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் மினிக் கார், இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. "அக்கா, மைனர் கிடைக்கேல்லை. ஆனா எஞ்சின் ஒரே குடும்பம்தான். ஐயாவுக்கு எஞ்சினை மட்டும் செய்து குடுங்கோ, கண் முழுக்கப் போறதுக்கு முதல் ஒருக்காப் பாக்கட்டும்" என்று தொலைபேசியில் சொன்னான்.

மினியின் எஞ்சினை மைனருக்கு ஏற்ப மாற்றுவது இலகுவல்ல. மினியில் எஞ்சின் குறுக்காக இருக்கும். கியர் பெட்டி எஞ்சினுக்கு அடியில், ஒயில் தொட்டிக்குள்ளேயே இருக்கும். மைனரில் எஞ்சின் நேராகவும் கியர் பெட்டி பின்னாலும் இருக்கும். ஆகவே அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, பிளாஸ்ரிக் தகட்டில் தனியாக ஒயில் தொட்டி செய்தேன். பெட்டியில் இரண்டு காபரேற்றர் இருந்தன. மைனருக்கு ஒன்றே போதும்.

இனி வர்ணம். மாதிரி செய்கிறவர்கள் பழசாக்கிய எஞ்சின்களின் படங்கள் சிலவற்றைத் தம்பி அனுப்பியிருந்தான். எல்லா இடத்திலும் துரு, எல்லா இடத்திலும் கறுப்பு ஒயில். பார்க்க உண்மைபோலத்தான் இருந்தது. வேலையைத் தொடங்குவதற்கு முன் அவற்றைப் பெரிதாக்கி ஐயாவிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இது ஓடின எஞ்சின் இல்லை. காணிக்குள்ள எறிஞ்சு கிடந்த எஞ்சின்."

"என்ன வித்தியாசம் ஐயா?"

"கிடக்கிற எஞ்சினுக்குத்தான் எல்லா இடத்திலையும் ஊத்தை இருக்கும். ஓடுற எஞ்சினுக்கு ஊத்தை வாற இடத்திலை மட்டும்தான் வரும். நான் ஒவ்வொரு நாளும் காலமை துடைச்சனான். என்ர எஞ்சினை இப்பிடிச் செய்துபோடாதை."

இருபத்தேழு வருடத்திற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். குரலில் கோபம் இருந்தது. எனக்கோ அந்தக் கோபம் பெரிய சந்தோசமாக இருந்தது.

"அப்ப புதுசு மாதிரிச் செய்யட்டே? 1969 இல் நீங்கள் வாங்கேக்க இருந்த மாதிரி?" என்று கேட்டேன். தம்பியின் விருப்பமும் அதுவே. ஐயா உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது தானாகச் சொன்னார்: "தொண்ணூற்று மூண்டு மாதிரிச் செய்."

1993. மண்ணெண்ணெய்க் காலம். 1990 யூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. பற்றரியும் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே, ஒரு சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றரின் வாய்க்குள் விட்டு, முன்னால் கைபிடியைப் போட்டுச் சுழற்றி ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் வெள்ளைப் புகை மேகம் போல வரும். அந்த மணத்தை மறந்த யாழ்ப்பாணத்தார் இருக்கமுடியாது. அதே 1990களில் காலியில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். நாட்டின் அந்த முனையில் செய்த ஒரு றப்பர் குழாய்கூட இந்த முனையில் இருந்த எங்களுக்கு வந்து சேரவில்லை.

அந்த வருடம் ஒரு மழை இரவில், பிரசவ வலியோடு நானும் அந்தக் காரின் பின் இருக்கையில் கிடந்தேன். காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பத்துக் கிலோமீற்றர். வெளிச்சம் போடமுடியாது. ஐயா ஓடினார். அம்மா என் தலையை மடியில் வைத்திருந்தார். என்னைப் போல எத்தனை பெண்களை அந்த வருடங்களில் ஐயா கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. கூலி கேட்டதும் இல்லை. ஐயா ஏன் 1993 ஐத் தெரிந்தெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

இனிக் கைவேலைக்கு வருகிறேன். விருப்பமுள்ள சகோதரிகள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அளவு. இருபத்துநாலில் ஒரு பங்கு என்றால் உண்மையில் 24 மில்லிமீற்றர் இருப்பது இங்கே ஒரு மில்லிமீற்றர். பிளக்குக்குப் போகும் வயர் உண்மையில் 7 மில்லிமீற்றர் தடிப்பு. மாதிரியில் 0.3 தான் வரவேண்டும். தையல் நூல் சரியான தடிப்பாக இருந்தாலும் அதில் பஞ்சு தெரியும். மின்சார வயரை உரித்தால் உள்ளே தலைமயிர்போலச் செப்புக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக் கறுப்பு வர்ணம் பூசினால் சரியாக வருகிறது. நாலு பிளக்குக்கு நாலு, நடுவில் கொயிலுக்கு ஒன்று, ஆக ஐந்து வயர். டிஸ்றிபியூற்றரில் இருந்து எந்த வயர் எந்தப் பிளக்குக்குப் போகிறது என்பதிலும் ஒழுங்கு உண்டு. இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். மாறிப் பூட்டினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கலாம். ஐயாவுக்குத் தெரியும்.

ரேடியேற்றர் குழாய் ஒன்றரை அங்குலத் தடிப்பு. மாதிரியில் 1.6 மில்லிமீற்றர். அதற்கு ஈயக் கம்பியை வளைத்துக் கறுப்புப் பூசினேன். மேல் குழாய் 1992 இல் வெடித்தபோது சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டியதாக ஐயா சொன்னார். கறுப்புப் பூசிய மெல்லிய கடதாசியை ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டி, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோலச் சுற்றினேன். காற்றாடிப் பட்டியும் கடதாசிதான்.

இரண்டாவது, அடி வர்ணம். கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற ஸ்பிறே பிறைமர் சில பிளாஸ்ரிக்கைக் கரைத்துவிடும். ஆகவே துண்டுகள் பொருத்தியிருக்கும் சட்டகத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். தூரத்தில் இருந்து பனிபோல மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடிக்கவேண்டும். அதன்மேல் அக்ரிலிக் வர்ணம். மைனர் எஞ்சினின் நிறம் கரும்பச்சை. மேல் மூடிக்கும் அதே பச்சைதான். ஆனால் ஐயா மண்ணெண்ணெய்த் துணியால் நாளாந்தம் துடைத்த மூடியில் விளிம்புப் பச்சை தேய்ந்து இரும்பு தெரிந்ததாம். 'எறும்பூரக் கல்லும் தேயும்' என்பார்களே, கைத்துணி ஊர்ந்து இரும்பு தேய்ந்திருக்கிறது. பென்சில் கரியைத் தூளாக்கி விரல் நுனியால் விளிம்புகளில் தேய்த்தால் தேய்ந்த இரும்பின் மங்கிய மினுக்கம் அப்படியே வரும்.

மூன்றாவதுதான் ஊத்தை. இதை ஐயா ஒவ்வொன்றாகக் காரணத்தோடு சொல்ல, நான் கொப்பியில் எழுதினேன்.

சூடு: புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயில் வர்ணம் தங்காது, எரிந்துபோகும். ஒயிலும் ஈரமாக நிற்காது, காய்ந்துவிடும். ஆகவே அங்கே மினுக்கம் கூடாது. மங்கிய மண்ணிறம், சாம்பலோடு கலந்தது. செந்துரு அல்ல. இந்த எஞ்சினில் புகை வாசல் மூன்றுதான். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் நடு வாசலைப் பங்குபோடுகின்றன. ஆகவே நடுப்பகுதிதான் கூடச் சூடாகும். அந்த இடத்தில் நிறத்தை இன்னும் வெளிறச் செய்தேன்.

ஒயில்: மேல் மூடியின் கீழ் தக்கை கஸ்கற் இருக்கும். அது காய்ந்தால் ஒயில் கசியும். பின்பக்கத்தில், கிளச் கூட்டின் அடியிலும் கசியும். அது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். கசிந்த ஒயில் நேரே கீழே வழியும் என்றுதான் நாங்கள் நினைப்போம். "முன்னால காத்தாடி சுத்துது பிள்ளை. காத்து பின்னுக்குத் தள்ளும். கறை சரிஞ்சு பின்னுக்குத்தான் போகும்" என்றார் ஐயா. தம்பி அனுப்பிய படங்கள் எதிலும் கறை சரிந்து போகவில்லை. ஓடாத எஞ்சின் என்று ஐயா அவற்றைச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடும் மண்ணிற எண்ணெய் வர்ணத்தைத் ரேப்பன்ரைனில் தேத்தண்ணிச் சாயம்போல நீர்க்கக் கரைத்து, மூலை முடுக்குகளில் தூரிகை நுனியால் தொட்டால் தானாக ஓடிப் படியும். கீழே இருக்கும் அக்ரிலிக் வர்ணம் முதலில் ஒரு நாள் முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும். ஈர ஒயிலின் மினுக்கத்துக்கு, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பொட்டு மண்ணிறம் சேர்த்துப் பூசினேன். காய்ந்தால் கண்ணாடிபோல மினுங்கும். நகப்பூச்சைப் பாவிக்கலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். நகப்பூச்சும் அதை அழிக்கும் திரவமும் பிளாஸ்ரிக்கையும் வர்ணத்தையும் கரைத்துவிடும்.

மண்ணெண்ணெய்: பெற்றோல் சிந்தினால் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் அப்படிப் போகாது. ஈரமாகவே நின்று தூசியைப் பிடிக்கும். ஆகவே காபரேற்றரைச் சுற்றித்தான் எஞ்சினிலேயே அதிக ஊத்தை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போய் இன்னும் கசியும். அதனால் கீழ்ப்பகுதிக் கறை, தடித்த கறுப்பாக இல்லாமல், பரந்த மெல்லிய மண்ணிறமாக இருக்கவேண்டும்.

தண்ணீர்: இது எங்கள் ஊருக்கே உரியது. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் இருந்து வருவது. எங்கள் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றர் குழாய் பூட்டும் இடங்களிலும் படியும். வெள்ளைச் சோக்கைத் துருவி, ஒரு துளி தண்ணீரில் குழைத்து, ஊசி நுனியால் குழாயின் விளிம்பில் வைத்தேன். லண்டனில் ஓடிய மைனருக்கும் சுன்னாகத்தில் ஓடிய மைனருக்கும் இந்த வெள்ளைக் கோடே வித்தியாசம் சொல்லும் என்று ஐயா சிரித்தார்.

தூசி: சுன்னாகத்துச் செம்மண். எங்கள் வளவு மண்ணையே எடுத்துத் தூவலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் அளவு விடாது. கால் மில்லிமீற்றர் மணல் இந்த எஞ்சினில் 6 மில்லிமீற்றர்க் கூழாங்கல்லாகத் தெரியும். ஆகவே செம்மண்ணிறப் பஸ்ரல் சோக்கை மெல்லிய துணியால் அரித்து, மென்மையான தூரிகையால் தடவினேன். தூசி ஈர ஒயிலில் ஒட்டும், காற்றுப் படாத மடிப்புகளில் தங்கும், துடைத்த இடத்தில் இராது. சோக்குத் தூளை அரிக்கும்போது மூக்கை மறைத்துக்கொள்ளுங்கள். ரேப்பன்ரைன் போத்தலை அடுப்புக்குக் கிட்ட வைக்கவேண்டாம்.

பிளக்குகளின் நிறத்துக்கு எனக்கு உண்மையான சாட்சியே கிடைத்தது. ஐயாவின் பழைய தகரப் பேணி ஒன்றில் கழற்றிய பிளக்குகள் பதினொன்று இருந்தன. இடம்பெயர்ந்தபோதும் அவர் சாவித் தகரத்தோடு அதைக் கொண்டுபோயிருந்தது எனக்கு இத்தனை வருடமும் தெரியாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விரலால் தடவிச் சொன்னார். நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் நல்ல சுகம். கறுத்த புகைக்கரி காய்ந்திருந்தால் எரிபொருள் கூடிப்போயிற்று. ஈரமான கறுப்பு என்றால் ஒயில் ஏறுகிறது. பதினொன்றில் எட்டு, புகைக்கரி பிடித்தவை. மண்ணெண்ணெய்க் காலத்துப் பிளக்குகள். எஞ்சினில் பூட்டினால் அந்த நுனி வெளியே தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு பிளக்கைத் தனியாகச் செய்து, நுனியைக் கறுப்பாக்கி, எஞ்சினுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்ததுபோல வைத்தேன்.

கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது. டிஸ்றிபியூற்றரின் பக்கத்தில் விரலால் திருப்பும் ஒரு சின்னத் திருகு உண்டு. எரிபொருளின் தரத்துக்கு ஏற்பப் பொறி விழும் நேரத்தை முந்தவோ பிந்தவோ செய்வதற்கு அது. மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். அப்போது பொறியைப் பிந்தச் செய்யவேண்டும். கொஞ்சம் பெற்றோல் கிடைத்தால் மீண்டும் முந்தச் செய்யவேண்டும். கிடைத்ததைக் கொண்டு ஓடிய அந்த வருடங்களில் ஐயா நாளுக்கு எத்தனை தரம் அதைத் திருப்பினாரோ!

"எல்லா ஊத்தையையும் போட்டிட்டியே?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"அந்தத் திருகிலை போடாதை. அது மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. என்ர விரல் எப்பவும் அதிலைதானே."

மாதிரியில் அந்தத் திருகு அரை மில்லிமீற்றர். ஊசியின் நுனியில் வெள்ளி வர்ணத்தைத் தொட்டு அதில் வைத்தேன். முழு எஞ்சினிலும் மினுங்கும் உலோகம் அது ஒன்றுதான். அந்த ஒரு பொட்டைப் பார்த்த பிறகு, ஊத்தை முழுவதும் வேறு விதமாகத் தெரிந்தது. கவனிப்பாரின்றிக் கிடந்த ஒன்றல்ல, ஒரு மனிதன் ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்த எஞ்சின் என்று பார்க்கிற எவருக்கும் விளங்கும்.

வேலை முடிந்த அன்று ஐயா அதை வெளிவிறாந்தையில், வெயில் படும் இடத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். முன்பக்கம், காபரேற்றர் பக்கம், பின்பக்கம் என்று முறையாகச் சுற்றி வந்தார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு, சுட்டுவிரலின் பக்கத்தால் மேல் மூடியை மெதுவாகத் தடவினார். "ஒயில் மாத்தக் காலமாச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "ஏனக்கா இவ்வளவு பழசா?" என்று முதலில் குறைப்பட்டான். தொலைபேசியை ஐயாவிடம் கொடுத்தேன். சரிந்து போகும் கறைக்கும், வெள்ளைக் கோட்டுக்கும், மினுங்கும் திருகுக்கும் ஐயா முக்கால் மணித்தியாலம் காரணம் சொன்னார். தகப்பனும் மகனும் இவ்வளவு நேரம் ஒன்றாகக் கதைத்து நான் கண்டதில்லை. இப்போது அவன் கிழமைக்கு ஒருமுறை எடுத்து, இன்ன ஊருக்குப் போன கதை, இன்னாரை ஏற்றின கதை என்று கேட்கிறான். அவனுடைய பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள். ஐயாவின் பார்வை இன்னும் குறைந்துதான் வருகிறது. ஆனால் சொல்லவேண்டியதில் பாதியையாவது சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, எல்லோரும் மாதிரி எஞ்சின் செய்யவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கும். அம்மாவின் தையல் மெசின், அப்பாச்சியின் அம்மி, பாட்டனாரின் மண்வெட்டி. இல்லாமற் போன பொருளாகவும் இருக்கலாம். எங்களில் பலருக்கு அப்படித்தான். அதைப் பற்றிப் பெரியவர்களிடம் "அந்த நாளில் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்தது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அப்படிக் கேட்கவேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, எங்கே கறை பிடித்தது, எதை வைத்து ஒட்டுப் போட்டீர்கள், உங்கள் கை எந்த இடத்தில் படும் என்று கேளுங்கள். தேய்ந்த இடத்தைக் கேட்டால் அவர்கள் பட்ட பாடு தானாக வரும். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்காமல், இன்று பின்னேரத் தேத்தண்ணியோடு கேட்டுவிடுங்கள்.